மைனருக்கு ஒரு கூண்டு

ஆகஸ்ட் 2, ஞாயிறு

உரக்கடையில் இவருக்குக் கொடுத்த டைரி தை மாதத்திலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. இவர் எழுதுகிற ஆள் இல்லை. நான் எடுத்துக்கொண்டேன். மனதில் கிடப்பதை எங்கேயாவது கொட்ட வேண்டும். இந்த வீட்டில் நான் பேசினால் கேட்பது மாடும் கோழியும்தான்.

தரணி சென்னையிலிருந்து பேசினான். காந்திமதியின் அப்பா நம் வீட்டைப் பார்க்க வருகிறாராம், அம்பாசமுத்திரத்திலிருந்து. ஆடி கழியட்டும் என்றிருக்கிறார். வந்து பார்த்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்வாராம். வேண்டாம் என்றால் அவள் அப்பா பேச்சை மீற மாட்டாளாம். இதைச் சொல்லும்போது என் பையனின் குரல் உள்ளே போய்விட்டது.

"ஆவணியிலேயே வரச் சொல்லு கண்ணு. புரட்டாசி பொறந்துட்டா நம்மூட்ல கவிச்சி கெடையாது. மொதமொத வர்றவருக்குக் கோழி அடிக்காம எப்புடி?" என்றேன்.

"அம்மா, அவங்க சைவம்."

"வெள்ளி, செவ்வாயா?"

"எந்நாளும்."

எங்கள் பக்கத்தில் முதல் தடவை வருகிறவருக்குக் கோழி அடிக்கவில்லை என்றால், இனிமேல் வராதே என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரி. பருப்பும் ரசமும் ஊற்றி அனுப்பிவிட்டு என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். "அம்மா, முட்டை சாப்பிடுவாராம். காந்திமதி கேட்டுச் சொன்னா."

போன உயிர் வந்தது. முட்டை போதும், முட்டையிலேயே அசத்திவிடலாம். "காத்தால இட்ட முட்டை பொழுது சாயறதுக்குள்ள எலையில இருக்கும்னு சொல்லு. டவுன்ல இருக்கறவங்க இந்த மாதிரி கண்ணுல பாத்திருக்க மாட்டாங்க" என்று பெருமை அடித்தேன்.

இவரிடம் சொல்லலாம் என்றால் ஆளைக் காணோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். தரணி போன் பண்ணுகிற நேரமாகப் பார்த்து மாட்டுக்குத் தாகம் எடுக்கிறது.

ஆகஸ்ட் 3, திங்கள்

ஆடிப்பெருக்கு. எட்டுவகைப் பலகாரம் செய்த காலமெல்லாம் போயிற்று. பாயசம் மட்டும் வைத்தேன்.

காந்திமதியே பேசினாள். என்னை அத்தை என்று கூப்பிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு சொன்னதுதான் நன்றாக இல்லை.

"அத்தை, ஒரு விஷயம். அப்பா உயிரில்லாத முட்டைன்னாத்தான் சாப்பிடுவாங்க."

"முட்டையில ஏதும்மா உசுரு?"

அவள் பொறுமையாக விளக்கினாள். பெரிய பண்ணைகளில் சேவலே கிடையாது. கோழி தானாக முட்டை இடும், அது ஒருநாளும் குஞ்சாகாது. அதனால் அது பாலைப் போலத்தான் என்று அவள் அப்பா எடுத்துக்கொள்கிறார். சேவல் இருக்கிற வீட்டு முட்டை என்றால் உள்ளே குஞ்சு இருக்கிற மாதிரி.

என்னிடம் கோழி ஐந்து, சேவல் ஒன்று. அந்த ஒன்று நூறுக்குச் சமம். பெயர் மைனர். காலையில் கூண்டைத் திறந்ததும் கோழிகள் தீனிக்கு ஓடும், இவன் கோழிகளின் பின்னால் ஓடுவான். இவர் தம் கையால் கம்பு ஊட்டி வளர்த்தது. என் வீட்டில் உயிரில்லாத முட்டைக்கு வழியே இல்லை.

தரணி லேசாகச் சொல்லிவிட்டான், "கடையில வெள்ளை முட்டை வாங்கிக்கலாம்மா, அதுல சேவலே கெடையாது" என்று. கோழி மேய்கிற வீட்டில் கடை முட்டையா? நம் வீட்டு முட்டை என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் கடை முட்டையை வைத்தால் அது பொய். சம்பந்தம் பேச வருகிற வீட்டில் முதல் கவளமே பொய்யாக இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். நான் கேட்டதைக் கேட்டுச் சிரித்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துச் சொன்னது.

"சேவலைத் தனியாப் பிரிச்சு வெச்சிருங்கம்மா. பிரிச்ச ஒடனே சரியாகாது, மூணு வாரம் போகணும். அதுக்கப்புறம் இடற முட்டையில கரு இருக்காது. சந்தேகம்னா ஒடைச்சுப் பாருங்க. மஞ்சக்கரு மேல சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். அது வெறும் புள்ளின்னா ஒண்ணுமில்ல. சுத்தி வளையம் இருந்தா சேவல் சேந்த முட்டை."

வளையம். முப்பது வருஷமாக முட்டை உடைக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

வந்ததும் மைனரைப் பிடித்துப் பழைய இரும்புக் கூண்டில் போட்டு மாட்டுத் தொழுவத்தில் வைத்தேன். இவர் வயலிலிருந்து வந்து பார்த்தார்.

"யாரோ வர்றதுக்கு என்ற சேவலுக்கு எதுக்குப் புள்ள ஜெயிலு?"

விருந்தாளியைப் பற்றி இதுவரை இவர் சொன்னது அது ஒன்றுதான். வருகிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மைனர் காலை மாலை பார்க்காமல் கத்துகிறான். கோழிகளுக்கு ஒரு கவலையும் இல்லை. நிம்மதியாக மண் குளிக்கின்றன, இறகு மினுமினுக்கிறது.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வருகிறவர் வாசலில் என்ன பார்ப்பார், யாரோடு பேசுவார், இவர் எங்கே இருப்பார் என்றே மனது சுற்றுகிறது. இவர் எங்கே இருப்பார் என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

ஆகஸ்ட் 13, வியாழன்

சமைத்துப் பழகுகிறேன். காலையில் இட்டதை எடுத்து வேகவைத்தேன். தோல் உரிக்கப் போனால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வருகிறது. ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை. அம்மைத் தழும்பு போட்ட முட்டையை விருந்தாளி இலையில் எப்படி வைப்பது? புது முட்டை என்று அடித்த பெருமை இப்படிக் காலை வாருகிறது. எப்படியும் வேகவைத்த முட்டை ஆகாது. உடைக்காமல் வளையத்தை எப்படிப் பார்ப்பேன்?

பிய்ந்ததையெல்லாம் தேங்காய்ப் பால் குழம்பில் போட்டு இவருக்கு வைத்தேன். அவர்கள் ஊரில் தேங்காய்ப் பால் அதிகம் என்று தரணி சொன்னான், அதனால் வைத்துப் பார்த்தேன். இவர் ஒரு வாய் வைத்தார். தட்டைத் தள்ளினார்.

"இது சீக்காளிக்கு ஊத்தற கஞ்சி. இனிக்குது. எனக்கு வேண்டாம்."

புரட்டாசியில் ஒரு மாதம் பருப்பைத் தின்று முகத்தைத் தூக்கிக்கொண்டாவது காலத்தை ஓட்டிவிடுவார். தேங்காய்ப் பால் மட்டும் எந்த மாதத்திலும் ஆகாது. மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மைனருக்குக் கம்பு போடப் போனார்.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. தேதி குறித்தாகிவிட்டது, செப்டம்பர் 6, ஞாயிறு. சாயங்காலம் வந்து, விளக்கு வைத்ததும் சாப்பிட்டு, ஈரோட்டில் ராத்திரி ரயில் ஏறுகிறார்கள். அடுத்த ஞாயிறு அவர்களுக்குத் தோதில்லை, அதை விட்டால் புரட்டாசி வந்துவிடும். மாற்ற முடியாது.

இவரிடம் சொன்னேன். "அன்னைக்கு வரப்பு வெட்டற வேலை இருக்குது" என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆள் வரப்பு வெட்ட வருகிறான் என்று நான் கேட்கவில்லை. வேலை என்றால் வேலைதான்.

ஆகஸ்ட் 20, வியாழன்

இவருடைய மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முட்டை உடைத்தேன். வளையம் இருக்கிறது. அடுத்ததிலும் இருக்கிறது. மைனர் கூண்டுக்குள் இருந்தபடியே ஆட்சி செய்கிறான்.

ஆகஸ்ட் 22, சனி

வளையம்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

வளையம் இல்லை! இரண்டு உடைத்தேன், இரண்டிலும் வெறும் புள்ளி. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இல்லை. தொழுவத்துக்கே போய் மைனரிடம் சொன்னேன். அவன் திரும்பி நின்றுகொண்டான்.

இன்றிலிருந்து இடுவதையெல்லாம் பிரிட்ஜில் தனியாக எடுத்து வைக்கிறேன். ஒரு கோழி வேறு அடைக்கு உட்கார்ந்துவிட்டது, இனி அது இடாது. மற்ற நான்கும் இட்டாலே போதும்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டில் முட்டை புழங்குவதில்லை, இருந்தும் இன்று ஒரு முறை சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செய்து பார்த்தேன். சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கி, மிளகுத் தூள், உப்புப் போட்டு முட்டையை நுரை வர அடித்து, எண்ணெய் தடவிய தூக்குப் போசியில் ஊற்றி இட்லிச் சட்டியில் வைத்து எடுத்தால் பர்பி மாதிரி கெட்டியாக வருகிறது. துண்டு போட்டுக் கொத்தமல்லி, கசகசா அரைத்த குழம்பில் விட்டால் ஒவ்வொரு துண்டும் குழம்பைக் குடித்து ஊறி நிற்கிறது. இதோடு சந்தகை பிழியலாம். அவர்கள் ஊர் இடியாப்பத்துக்கு அக்கா முறை.

இவர் மூன்று தடவை குழம்பு கேட்டார். வாயில்தான் கேட்கவில்லை, தட்டை நீட்டினார்.

"இது அவங்களுக்கா?" என்றார்.

"ஆமாங்க."

மீதி இருந்ததைச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். பசி இல்லை போல.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

எல்லாம் போயிற்று.

கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், மைனர் குப்பைமேட்டில் நிற்கிறான். நான்கு கோழியும் அவனைச் சுற்றி நிற்கின்றன. கூண்டு திறந்து கிடக்கிறது. கம்பு மணிகள் கூண்டிலிருந்து வாசல் வரைக்கும் சிந்திக் கிடக்கின்றன. துரத்திப் பிடிப்பதற்குள் புடவை கிழிந்து முழங்கை சிராய்த்துவிட்டது.

தாழ்ப்பாள் சரியில்லை. நான்தான் காலையில் சரியாகப் போடவில்லை போல. பழைய கூண்டு.

இவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் துரத்தும்போது எழுந்து வரவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கீழே உதறினார்.

இனி மூன்று வாரம் காத்திருக்க நேரம் ஏது? இருப்பது ஒரு வாரம். இன்றைக்கு முன்னால் எடுத்து வைத்ததுதான் மிச்சம். ஆம்லெட், பொடிமாஸ், பணியாரம் என்று நான் போட்ட கணக்கெல்லாம் பாழ். குழம்பு ஒன்றுக்கு வந்தால் சாமி புண்ணியம். அதுவும் அன்றைக்கு ஒரு வாரம் பழசாகியிருக்கும். புது முட்டையெல்லாம் ஆகாத முட்டை, ஆகிற முட்டையெல்லாம் பழைய முட்டை.

ஆகஸ்ட் 31, திங்கள்

தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் விழுகிறது.

செப்டம்பர் 3, வியாழன்

தவிடு வாங்கக் காங்கேயம் போனவர் ஒரு அட்டை நிறைய வெள்ளை முட்டை வாங்கி வந்து அடுப்படி மேடையில் வைத்தார். போகும்போது கூண்டுத் தாழ்ப்பாளில் ஒரு கம்பி போட்டு முறுக்கிவிட்டுப் போனார்.

என் முழங்கையைப் பார்த்தார். "மஞ்சள் வெச்சியா?" என்றார். வைத்தேன் என்றேன்.

செப்டம்பர் 5, சனி

தரணி வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

"அப்பா நாளைக்கு இருப்பாருங்களா?" என்று என்னைக் கேட்டான். அப்பா நாலடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து இவர், "எத்தனை பேரு வர்றாங்க?" என்று என்னைக் கேட்டார். அவன் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். நான் நடுவில் போஸ்ட்மேன். பொங்கலன்று ஒரு பேச்சு நடந்தது, அதை இங்கே எழுத இஷ்டமில்லை. இருவருக்கும் அசதி. பேசிக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

காந்திமதியின் அம்மா வரவில்லையாம். முழங்கால் வலியாம். பாவம்.

செப்டம்பர் 6, ஞாயிறு, காலை

விடிந்ததும் முட்டைகளை உடைத்துவிட்டேன். கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெறும் புள்ளி, வெறும் புள்ளி, வெறும் புள்ளி. ஒன்றில் மட்டும் சந்தேகம். அதைப் பூனைக்கு ஊற்றினேன்.

நிமிர்ந்தால் இவர் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேங்காய் துருவினால் விரலைத் துருவிவிடுவேன் போலிருக்கிறது. சாமி, இன்றைக்கு ஒரு நாள்.

செப்டம்பர் 7, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் வந்தார்கள். காந்திமதி போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம், போட்டோவில் பார்த்ததைவிட லட்சணம். அவள் அப்பா சங்கரலிங்கம் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, நெற்றி நிறைய விபூதி, கையில் அல்வாப் பொட்டலம்.

"வாங்க, வாங்க. அம்மா வரலீங்களா?" என்று தெரிந்தே கேட்டேன்.

"அவளுக்கு முழங்கால் வலி. படி ஏற முடியல" என்றார். காந்திமதி தரையைப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரருக்கும் வயல்ல வேலைங்க, வந்துருவாரு" என்றேன். தரணி தரையைப் பார்த்தான்.

நான் மைனரின் கூண்டு மேல் இரண்டு சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். இருட்டில் சேவல் கத்தாது. இலை போட்டேன். அப்போதுதான் பின்வாசல் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வந்து வரிசையின் கடைசி இலையில் உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை. "வாங்க" என்றார் அவரைப் பார்த்து. "வந்தோம்" என்றார் அவர். அதோடு இருவருக்கும் பேச்சுத் தீர்ந்துபோனது.

சந்தகை வைத்தேன். குழம்பு ஊற்றினேன். சங்கரலிங்கம் ஒரு துண்டை எடுத்தார். கண்ணை மூடினார். வாயில் போட்டார். உடனே தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கடகடவென்று குடித்தார். இரண்டாவது துண்டுக்கும் அதே மாதிரி. மிளகு அதிகமாகிவிட்டதா? வாடை அடிக்கிறதா?

"காரமுங்களா?"

"இல்லம்மா, இல்ல. நல்லாருக்கு" என்று மறுபடி செம்பைத் தொட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தரணி மெழுகுவர்த்தி தேடுவதற்குள் திரும்பி வந்தது. வந்தது வீட்டுக்கு மட்டுமா? தொழுவத்து டியூப் லைட்டும் பளிச்சென்று எரிந்தது. சாக்குக்குள் எந்த இடுக்கில் வெளிச்சம் பட்டதோ, மைனர் விடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டான். ஊரே கேட்கிற மாதிரி ஒரு கொக்கரக்கோ. நிறுத்தி, இன்னொன்று.

சங்கரலிங்கத்தின் கை இலையில் நின்றது.

"சேவலா?"

பக்கத்துத் தோட்டத்துச் சேவலுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தரணி, சொல்லிவிடு என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன்.

"எங்களுதுதானுங்க" என்றார் இவர்.

கடைசி இலையிலிருந்து, நிமிராமல், மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு உசுரில்லாத முட்டை வேணும்னு இவ மூணு வாரத்துக்கு மேல அதைக் கூண்டுல போட்டு வெச்சிருந்தா. போன ஞாயித்துக்கெழமை நான் தொறந்து உட்டுப்போட்டேன்."

"தெரியாம நடந்திருக்கும்" என்றார் சங்கரலிங்கம்.

"இல்லீங்க. வேணும்னேதான் தொறந்தேன். முட்டை கெட்டுப்போச்சுன்னா நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

முடிந்தது என்று நினைத்தேன். என் பையனின் கல்யாணம் என் கண் முன்னாலேயே, நான் பரிமாறின இலையிலேயே முடிந்துவிட்டது.

"ஆனா எலையில இருக்கறது அதுக்கு முந்தி எடுத்து வெச்சதுங்க" என்றார் இவர். இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "காத்தால கண்ணாடி போட்டு ஒவ்வொண்ணாப் பாத்து ஒடைச்சா. நான் நின்னு பாத்தேன். அவ மேலயும் பையன் மேலயும் தப்பு இல்லீங்க. தப்பு பூரா என்ற மேல."

சங்கரலிங்கம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொல்லிட்டிய. நானும் சொல்லிருதேன்" என்றார். "நான் முட்டை திங்கவன் இல்ல."

"அப்பா!" என்றாள் காந்திமதி.

"இரும்மா. அவ்வோ மறைக்கல, நாம மறைக்கலாமா?" அவர் என் பக்கம் திரும்பினார். "இவதான் போன்ல சொன்னா, அந்த வீட்டம்மா கோழி அடிச்சுப் போட முடியலையேன்னு தவிக்காவன்னு. எதையும் தொட மாட்டேன்னு போய் உக்காந்தா, நாளைக்கு எம் பொண்ணு வாழப்போற வீட்டுல அது ஒரு கொறையாவே கெடக்கும். கறி நம்மால ஆகாது, முட்டையாவது பழகிக்கிடுவோம்னு பாத்தேன். தெனம் காலைல தெருக்கோடி டீக்கடையில ஒரு முட்டை. மொத நாளு அப்பிடியே வாந்தி. இப்பம் தண்ணி ஊத்துனா எறங்கிருது."

"ஒரு மாசமாவா அப்பா?" காந்திமதிக்கே தெரிந்திருக்கவில்லை. "சின்ன வயசுலயே சாப்பிடுவேன்னுல்ல சொன்னீங்க?"

"சொன்னேன். ஒங்க அம்மைக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சு கெடையாது. அவ முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

எனக்கு அது தெரியாதா என்ன? அந்த அம்மாவின் முழங்கால் வலியும், இந்த வீட்டு மாட்டின் தாகமும், ஞாயிற்றுக்கிழமை வரப்பு வேலையும் எல்லாம் ஒரே வியாதிதான். பொங்கலன்று இவர் பையனைப் பார்த்து, "அந்தப் புள்ளையைக் கட்டறதுன்னா எனக்குப் பையன் இல்ல" என்றார். எழுத இஷ்டமில்லை என்றேனே, அது இதுதான். கூண்டைத் திறந்தது யார் என்பதும் அன்றைக்கே எனக்குத் தெரியும். கம்பு மணி தானாகவா வாசலுக்கு நடந்து போகும்?

"மயிலாத்தா" என்றார் இவர். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "அவரு எலையில இருக்கற கொழம்பை எடுத்துப்போட்டுத் தயிர் ஊத்து."

சங்கரலிங்கம் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார். "எடுக்காண்டாம்! ஒரு மாசம் படிச்சிருக்கேன், பரிட்சை எழுதாம எந்திரிக்கவா?"

முதலில் சிரித்தது இவர்தான். வெற்றிலைக் கறைப் பல் எல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு அவரும் சிரித்தார். இலையில் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார் மனிதர். நான் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

கை கழுவும்போது இவரிடம் சொன்னார்: "எங்க பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிதான் விருந்து. தேங்காப்பாலுல வைக்கது. ஐப்பசியில நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, நாள் குறிப்போம். அப்பமே ஒரு நேரம் சொதி சாப்பிட்டுப் பாத்துருங்க."

நாள் குறிப்போம். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டேன். இவர், "தேங்காப்பாலுங்களா?" என்றார். பிறகு, "அதுக்கென்னங்க" என்றார்.

வாடகைக் கார் வந்து நின்றது. அவர்களை ஏற்றிவிட்டுத் தரணி வாசலிலேயே நின்றான். இவர் தோளில் துண்டைச் சரி செய்தார், தொண்டையைச் செருமினார்.

"கண்ணு, நீயும் ஏறிக்க. ரயிலு வர்ற வரைக்கும் கூட இருந்து ஏத்தி உட்டுட்டு வா."

"சரிங்கப்பா" என்றான் அவன்.

அப்பாவும் பிள்ளையும் எட்டு மாதம் கழித்துப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

மைனரை இவரே திறந்துவிட்டார், என் கண் முன்னால். அடைக்கு உட்கார்ந்த கோழியை எழுப்ப வேண்டாம், இந்த வாரம் இட்ட முட்டையை அதற்கு வை, குஞ்சு பொரிக்கட்டும் என்றார். வெள்ளை முட்டைகளை ஆம்லெட் போட்டுக்கொண்டிருக்கிறேன். ருசி இல்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார்.

பொழுது சாயும்போது அடுப்படிக்கு வந்து நின்றார்.

"என்னமோ சொன்னாரே. சொதி. அது உனக்கு வெக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எதுக்கு?"

"ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்குதல்ல" என்றார்.

செப்டம்பர் 9, புதன்

காந்திமதியிடம் கேட்டு அவள் அம்மா நம்பருக்குப் போட்டேன்.

"முழங்கால் எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"இப்பம் பரவாயில்ல" என்றார் அந்த அம்மா. பிறகு, பால் எடுப்பதிலிருந்து தொடங்கி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். காயை மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும், முதல் பால் கடைசியில், அதைக் கொதிக்க விடக் கூடாது. "கொதிச்சா திரிஞ்சுரும், பாத்துக்கிடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொதி வைத்தேன். இவர் சாப்பிட்டார். தண்ணீர் நிறையக் குடித்தார்.